ரிட்டர்ன் மேசையிலிருந்து பார்த்த செட்டாப் பாக்ஸ் தொழில்

கிண்டி எஸ்டேட்டில் அந்தக் கம்பெனியில் 2009இல் நான் சேர்ந்தபோது அங்கே செட்டாப் பாக்ஸ் என்ற பேச்சே கிடையாது. கேபிள்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபையர், ஸ்ப்ளிட்டர், கம்பத்தில் மாட்டுகிற பவர் சப்ளைப் பெட்டி, இவைதான் சரக்கு. மொத்தம் 14 பேர். டிப்ளமோ முடித்துவிட்டு வந்த எனக்குக் கொடுத்த வேலை, பழுதாகித் திரும்பி வருகிற சாமான்களைப் பிரித்துப் பார்ப்பது. ஒரு மர மேசை, ஒரு மல்டிமீட்டர், ஒரு சோல்டரிங் அயர்ன், சுவரோரம் அட்டைப் பெட்டிகள். 'ரிட்டர்ன் மேசை' என்பார்கள். புதிதாக வருகிறவனைத் தள்ளிவிடும் இடம் அது. பின்னாளில் உற்பத்தி முழுவதும் என் பொறுப்புக்கு வந்த பிறகும், காலையில் வந்ததும் முதலில் அந்த மேசைப் பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் என் நாற்காலிக்குப் போவேன்.

முதலாளி அறையில், சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில், பழைய பாக்ஸ் ஒன்று இருக்கும். எங்களுடையது அல்ல, இறக்குமதி. 2003 செப்டம்பர் 1ஆம் தேதி சென்னையில் சி.ஏ.எஸ் முறை வந்தது பலருக்கு நினைவிருக்கும். கட்டணச் சேனல் பார்க்க வேண்டுமானால் பாக்ஸ் வேண்டும். வேண்டாம் என்றால் 72 ரூபாயும் வரியும் கட்டிவிட்டு இலவசச் சேனல்களோடு இருந்துகொள்ளலாம். ஊரே பாக்ஸ் வாங்கப் போகிறது என்று நம்பி எங்கள் முதலாளியும் கடன் வாங்கிக் கொஞ்சம் இறக்கினார். பெரும்பாலான வீடுகள் பாக்ஸ் இல்லாமலே இருந்துவிட்டன. கடைசியில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டார். "சட்டம் வந்தாச்சுன்னா வியாபாரம் வந்தாச்சுன்னு நினைக்காதே தம்பி" என்று அதைக் காட்டிச் சொல்வார். அப்படிச் சொன்னவரே 2011இல் மறுபடியும் இறங்கினார்.

அந்த வருஷம் கேபிள் சட்டத்தில் திருத்தம் வந்தது. இந்தத் தடவை பாக்ஸ் இல்லாவிட்டால் டிவியில் ஒன்றுமே தெரியாது. நாடு முழுவதற்கும் நான்கு கட்டமாகக் கெடு வைத்தார்கள். முதல் கட்டம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை. 2012 ஜூன் கடைசி என்றிருந்த கெடு அக்டோபர் 31க்குத் தள்ளிப்போனது. இரண்டாம் கட்டம் 38 நகரங்கள், 2013 மார்ச் 31. மூன்றாவதில் மீதி நகர்ப்புறம், 2015 டிசம்பர் 31. நான்காவதில் கிராமம் வரை, 2016 டிசம்பர் என்று சொல்லி 2017 மார்ச்சுக்கு நீட்டினார்கள். எங்கள் கம்பெனியின் வளர்ச்சியை ஒரு கோடாக வரைந்தால் இந்தத் தேதிகளுக்கு முன்னால் மலை மாதிரி ஏறும், தேதி தாண்டியதும் பள்ளத்தில் விழும்.

வேடிக்கை என்னவென்றால், சென்னையில் வழக்கு, தடை என்று விஷயம் இழுத்துக்கொண்டே போனது. அதனால் கிண்டியில் நாங்கள் செய்த பாக்ஸ் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை. மைசூர், பெங்களூரு, ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று லாரி ஏறிப் போனது.

'செய்த' என்று எழுதிவிட்டேன். முதல் வருஷத்துக்கு அந்தச் சொல் கொஞ்சம் அதிகம். சீனாவின் ஷென்சென்னிலிருந்து முழு போர்டு வரும். நாங்கள் அதை மூடிக்குள் வைத்து, நான்கு ஸ்க்ரூ முடுக்கி, சோதித்து, லேபிள் ஒட்டி, பத்துப் பத்தாக அட்டைப் பெட்டியில் அடுக்குவோம். இதற்கே 60 பேர் தேவைப்பட்டது. அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கமிருந்து ரயிலில் வரும் அக்காமார்கள்தான் லைனின் முதுகெலும்பு. போர்டில் உதிரிப் பாகங்களை ஒட்டும் எஸ்.எம்.டி லைனைச் சொந்தமாகப் போட்டது அப்புறம்தான். 2013 பட்ஜெட்டில் முழு பாக்ஸ் இறக்குமதிக்கு வரியை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வங்கி எங்களுக்கு மெஷின் கடன் கொடுத்தது.

வெளியே இருப்பவர்கள் பாக்ஸ் தொழில் என்றால் சிப் வாங்கி ஒட்டுவது என்று நினைக்கிறார்கள். முதலில் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். பணம் கட்டாதவன் படம் பார்க்க முடியாதபடி பூட்டுகிற மென்பொருள் ஒன்று உள்ளே இருக்க வேண்டும்; அதைக் கொடுப்பவர்கள் கோனாக்ஸ், இர்டெட்டோ, நாக்ரா போல உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். எந்தப் பெரிய கேபிள் நிறுவனம் எந்தப் பூட்டைத் தன் கண்ட்ரோல் ரூமில் வைத்திருக்கிறதோ, அதற்கான சாவி நம் பாக்ஸில் இருந்தால்தான் வியாபாரம். அந்தச் சான்றிதழ் கையில் வர மாதக்கணக்கில் ஆகும். சிப்பை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து. 2013இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவும் இதோடு சேர்ந்துகொண்டது. புதிதாக இறங்க நினைப்பவர்கள் முதல் பாக்ஸை விற்பதற்கு முன்னால் ஒரு வருஷச் சம்பளத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் வைக்கவில்லை. ஆம்ப்ளிஃபையர் விற்ற காசில் ஓட்டினோம்.

சரி, லேபிள் கதைக்கு வருகிறேன்.

2013 மார்ச். கெடுவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மைசூரிலிருந்து ஒரு கேபிள்காரர் போன் செய்தார். கன்னடமும் தமிழும் கலந்து அவர் சொன்னது இதுதான்: "சார், இந்த வீட்டுக்கு ஆன் பண்ணா எதிர் வீட்டுல படம் வருது." வயரை மாற்றிப் போட்டிருப்பார் என்று நினைத்து ஏதோ சமாதானம் சொல்லி வைத்துவிட்டேன். மதியத்துக்குள் அதே ஊரிலிருந்து இன்னும் நான்கு போன். ஒருவர் வீட்டில் பணம் கட்டினால் அடுத்த வீட்டுக்காரர் சீரியல் பார்க்கிறார்; அடுத்த வீட்டுக்காரர் கட்டினால் அதற்கடுத்த வீடு.

ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு எண் உண்டு. அது உள்ளே நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும்; அதே எண் அடியில் லேபிளாகவும் ஒட்டியிருக்கும். கேபிள்காரர் லேபிளைப் படித்து கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்வார், அங்கிருந்து அந்த எண்ணுக்கு மட்டும் 'திற' என்று உத்தரவு போகும். எங்கள் லைனில் உள்ளே எண் எழுதும் கம்ப்யூட்டர் ஒரு மூலையில் இருந்தது. லேபிள்கள் வரிசையாக அச்சடித்த சுருளாக வேறொரு மூலையில். நடுவில் கன்வேயர். வரிசை கலையாமல் வந்தால் எண்ணும் லேபிளும் பொருந்தும். ராத்திரி ஷிப்டில் ஒரு லேபிள் கிழிந்திருக்கிறது. ஒட்டிய பெண் கிழிந்ததைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்த நிமிஷத்திலிருந்து சுருள் தீரும் வரை ஒவ்வொரு பாக்ஸும் தனக்கு அடுத்த பாக்ஸின் பெயரைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. அறுநூற்றுச் சொச்சம் பாக்ஸ். ஒரு அட்டைப் பெட்டியில் பத்து என்பதால் அடுத்தடுத்த எண்கள் ஒரே தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன.

எல்லாவற்றையும் திரும்ப வாங்கினால் கெடு போய்விடும், பேரும் போய்விடும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து, எந்தப் பெட்டியிலிருந்து பிசகு தொடங்கியது என்று பேக்கிங் நோட்டிலிருந்து கண்டுபிடித்தோம். பாக்ஸை டிவியில் மாட்டினால் மெனுவில் உள் எண் தெரியும். மைசூரில் ஒருவரை வீடு வீடாக அனுப்பி ஏழெட்டு இடத்தில் சரிபார்த்தோம். பிறகு கண்ட்ரோல் ரூம்காரரிடம் ஒரு பட்டியல் கொடுத்து, இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை லேபிளில் உள்ளதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுடைய கம்ப்யூட்டரிலேயே மாற்ற வைத்தோம். ஒரு பாக்ஸ்கூடத் திரும்பி வரவில்லை. முதலாளி அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லவில்லை. "லைனைக் கட்டினவன் எவன்?" என்று கேட்டார். கட்டினவன் நான்தான்.

அதற்கப்புறம் சுருள் லேபிளையே ஒழித்துவிட்டோம். கடைசிச் சோதனை மேசையில் பாக்ஸ் மின்சாரத்தில் ஓடும்போதே உள் எண்ணைப் படித்து, அங்கேயே ஒரு லேபிள் அச்சாகும். கிழிந்தால் அதே லேபிள் மறுபடி வரும். ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், கொஞ்சம் மென்பொருள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. எண் போட்டு எதையாவது விற்கிற யாருக்கும் நான் சொல்வது இது ஒன்றைத்தான்: எண் பொருளுக்குள்ளிருந்து வெளியே வர வேண்டும், பக்கத்து மேசையிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது.

இதே ஏற்பாடு எதிர்பாராத இன்னொரு இடத்திலும் கைகொடுத்தது. அதற்கு முன்னால் மின்வெட்டைச் சொல்ல வேண்டும். 2012, 13இல் தமிழ்நாட்டு மின்வெட்டு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. சென்னையில் இரண்டு மணி நேரம். வெளியூர்களில் அது பல மடங்கு. மின்சாரம் போவதால் பாக்ஸ் கெடாது. திரும்ப வரும்போது ஒரு அடி அடித்துவிட்டு வருமே, அதுதான் கொல்லும். தெரு டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் வயர் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரை ஏறும். டிவிக்கு ஸ்டெபிலைசர் வைத்திருப்பார்கள். பாக்ஸை நேரே சுவர் ப்ளக்கில் சொருகியிருப்பார்கள். ரிட்டர்ன் மேசையில் நிஜப் பழுதோடு வந்து குவிந்ததெல்லாம் பவர் சப்ளை கருகியவை. பாக்ஸுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் வேரிஸ்டர் என்ற சின்னப் பாகம் ஒன்றைப் போட்டால் அது அடியை வாங்கிக்கொண்டு ஃப்யூஸை ஊதிவிட்டுச் செத்துப்போகும், மீதி போர்டு பிழைக்கும். ஒரு வேரிஸ்டர் இரண்டு மூன்று ரூபாய். ஷென்சென் வடிவமைப்பில் அதற்கு இடம் இருந்தது, பாகம் இல்லை. விலை குறைக்க எடுத்துவிட்டார்கள். நாங்களும் முதலில் கேட்கவில்லை.

கெபாசிட்டர் கதை இதைவிட மோசம். ஒரு தடவை கொள்முதல் பிரிவில் 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டருக்குப் பதில் 85 டிகிரி வாங்கிவிட்டார்கள். ஒரு பாகத்துக்குச் சில பைசாக்கள் மிச்சம். சோதனையில் எல்லாம் பாஸ். எட்டு மாதம் கழித்துத் தலை உப்பிப்போன கெபாசிட்டர்களோடு பாக்ஸ்கள் வரத் தொடங்கின. பத்து டிகிரி சூடு கூடினால் இந்த வகைக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பாக்ஸ் எங்கே உட்காரும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. ஸ்டெபிலைசர் மேல் பாக்ஸ், பாக்ஸ் மேல் பூப்போட்ட துணி, துணி மேல் பிள்ளையார். மே மாதம், ஓடு வேய்ந்த வீடு. சோதனை அறையில் ஏசி போட்டுக்கொண்டு 48 மணி நேரம் ஓட்டிப் பார்த்த எங்களுக்கு இது உறைக்கவில்லை. அப்புறம் அந்தச் சோதனை அறையில் ஏசியை நிறுத்தி, பாக்ஸ் மேல் துணி போர்த்தி ஓட்ட ஆரம்பித்தோம். பார்க்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் துணியைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையார் வைக்காததுதான் பாக்கி.

எண்ணிலிருந்து தேதி, தேதியிலிருந்து கெபாசிட்டர் வந்த பெட்டி என்று பின்னோக்கிப் போக முடிந்ததால், அந்தத் தொகுதியில் போன பாக்ஸ்கள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று சொல்ல முடிந்தது. அவற்றை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். இல்லாவிட்டால் அந்த வருஷ விற்பனை மொத்தத்துக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பல்லியை விட்டுவிட்டால் மேசை கோபித்துக்கொள்ளும். பாக்ஸ் உள்ளே கதகதப்பாக இருக்கும், காற்றோட்டத் துளை வழியாகப் பல்லிக்குட்டி நுழையும், பவர் சப்ளை மேல் குறுக்கே படுக்கும், அவ்வளவுதான். எறும்புப் புற்று, கரப்பான் முட்டை எல்லாம் பார்த்தாயிற்று. மூடியை வார்க்கும் அச்சைத் திருத்தித் துளைகளை ஒடுக்கி, எண்ணிக்கையைக் கூட்டினோம். அதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. முதலாளி பல மாதம் யோசித்தார்.

ஆனால் திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரு பழுதும் இல்லாத பாக்ஸ்கள். மேசையில் வைத்தால் பளிச்சென்று படம் வரும். துடைத்து அனுப்புவோம், அதே ஊரிலிருந்து அதே பாக்ஸ் மறுபடி வரும். இரண்டு பக்க லாரி வாடகை எங்களுடையது. கடைசியில் என்னை ஹாசனுக்கு அனுப்பினார்கள். அங்கே லைன் பார்க்கிற பையனோடு இரண்டு நாள் பைக்கில் சுற்றியதில் காரணம் தெரிந்தது. பழைய அனலாகில் சிக்னல் குறைந்தால் படத்தில் ஈ மொய்க்கும். ஜனங்கள் ஈயோடேயே படம் பார்த்துப் பழகியிருந்தார்கள். டிஜிட்டலில் அந்த நடுத்தரம் கிடையாது. ஒரு அளவு வரை அருமையாக இருக்கும், அதற்குக் கீழே கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கனெக்டரை முறுக்காமல் வயரைக் கடித்துச் சொருகியிருந்தார்கள். ஒரு ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. எங்கள் பாக்ஸுக்கு 50 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட் சிக்னல் வேண்டும். கடைசி வீட்டில் 38 காட்டியது. பழி மட்டும் பாக்ஸ் மேல்.

அப்புறம் பெரிய ஆர்டர் எடுக்கும்போதெல்லாம் பாக்ஸோடு சில சிக்னல் மீட்டர்களையும், கனெக்டர் முறுக்கும் கருவிகளையும், ஒரு ஆளையும் அனுப்பினோம். ஆள் இரண்டு நாள் தங்கி லைன் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். மெனுவில் சிக்னல் அளவு பெரிய எழுத்தில் தெரியும்படி மென்பொருளை மாற்றினோம், போனில் புகார் வந்தால் முதல் கேள்வி, "அந்தப் பச்சைப் பட்டை எதுவரைக்கும் இருக்கு அண்ணே?" விளம்பரத்துக்கு நாங்கள் செய்த செலவு எதுவும் இந்த மீட்டர் செலவு அளவுக்கு ஆர்டர் கொண்டுவரவில்லை. கேபிள்காரர்களுக்குள் ஒருவருக்கொருவர் பேச்சு உண்டு. எந்தக் கம்பெனி போனை எடுக்கிறது என்பது ஒரு வாரத்தில் நான்கு மாவட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் சாமான் சம்பந்தப்பட்டது. கம்பெனி படுக்கப் பார்த்தது பணத்தில்.

கேபிள் நிறுவனம் பாக்ஸை வீட்டுக்குக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கொடுத்துவிட்டு, மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப் பார்க்கும். தெருவில் வசூலிப்பவர் அவர் சௌகரியத்துக்குக் கட்டுவார். அந்தத் தாமதம் முழுவதும் மேலேறி வந்து எங்கள் தலையில் இறங்கும். 10,000 பாக்ஸ், ஒன்று 1,100 ரூபாய் என்றால் 1 கோடியே 10 லட்சம். 90 நாள் கடன் என்று பேச்சு, வருவது 150 நாளில். ஷென்சென்காரர் சரக்குக் கப்பல் ஏறும்போதே பணம் எடுத்துக்கொள்வார். ஆர்டர் இரண்டு மடங்கானால் இந்த ஓட்டையும் இரண்டு மடங்காகும். கணக்குப் புத்தகத்தில் லாபம் காட்டிய மாதத்தில்தான் சம்பளத்துக்கு முதலாளி நகையை வைத்தார்.

2013 மே தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய்ச் சொச்சம். நாங்கள் ஒரு பாக்ஸுக்கு சுமார் 16 டாலர் பாகங்களை நம்பி, 1,100 ரூபாய்க்கு ஆறு மாத ஒப்பந்தம் போட்டிருந்தோம். ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68ஐத் தாண்டியது. 870 ரூபாய் என்று நினைத்த பாகங்கள் 1,090க்குப் போயின. மீதிப் பத்து ரூபாயில் மூடி, ரிமோட், சம்பளம், வாடகை, லாரி எல்லாம் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை முறித்திருக்கலாம். முதலாளி முறிக்கவில்லை, பாதி எண்ணிக்கைக்குக் கெஞ்சி விலை ஏற்றி வாங்கினார். அதற்குப் பிறகு எங்கள் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருக்கும்: டாலர் இவ்வளவுக்கு மேல் போனால் விலை மறுபேச்சு. அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு முன்பணம் இல்லாமல் சரக்கு இல்லை. சில ஆர்டர்கள் போயின.

சீனப் புத்தாண்டையும் அதே வருஷம்தான் கற்றுக்கொண்டோம். 2013இல் அது பிப்ரவரி 10. கெடு மார்ச் 31. ஷென்சென்னில் தொழிற்சாலைகள் புத்தாண்டுக்கு முன்னும் பின்னுமாக வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும், ஊருக்குப் போன தொழிலாளர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பதும் நிச்சயமில்லை. நமக்குப் பொங்கல் மாதிரி மூன்று நாள் என்று நினைத்துவிட்டோம். கடைசியில் பாதிப் பாகங்களை விமானத்தில் ஏற்றினோம். அந்த விமானக் கட்டணம் அந்த ஆர்டரின் லாபம்.

2015க்குள் நாங்கள் 200 பேருக்கு மேல். எஸ்.எம்.டி லைன் இரண்டு. மெஷின்கள் கனம் என்பதால் தரைத்தளத்தில். மூன்றாம் கட்டக் கெடு டிசம்பர் 31 என்பதால் நவம்பர் கடைசியில் வாசல் வரை சரக்கு அடுக்கியிருந்தது. டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் ஏறி வந்தது. ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் என்ன ஆனது என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். நாலாம் நாள் உள்ளே போனபோது சுவரில் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு. கீழே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் கூழாகி மேலே இருந்தவையும் சரிந்து கிடந்தன. அக்காமார்களில் பாதிப் பேர் வீடே மூழ்கியவர்கள். இருந்தும் வந்தார்கள். மெஷின் கன்ட்ரோல் போர்டுகளைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலில் துடைத்து, டேபிள் ஃபேன் வைத்துக் காய வைத்தோம். அவசரப்பட்டு யாரும் ஸ்விட்சைத் தட்டிவிடக் கூடாது என்று மெயின் ஃப்யூஸைக் கழற்றி முதலாளி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒரு லைன் 11 நாளில் ஓடியது.

இன்சூரன்ஸ் இருந்தது. சரக்கின் மதிப்பு என்று நாங்கள் பாலிசியில் எழுதியிருந்தது சாதாரண மாதத்துக் கணக்கு. கெடு மாதத்தில் கிடங்கில் அதைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. 'ஆவரேஜ்' என்று பாலிசியில் ஒரு ஷரத்து உண்டு: சரக்கின் மொத்த மதிப்பில் 40 சதவீதத்துக்குத்தான் பாலிசி எடுத்திருக்கிறாய் என்றால், நஷ்டத்திலும் 40 சதவீதம்தான் தருவார்கள், நஷ்டம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும். சிறு தொழில் நடத்துகிற எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் சேற்றில் நின்றுகொண்டு படித்தோம்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது பேஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி. 1982இல் யார்க்‌ஷயரில் தொடங்கி, உலகத்திலேயே மிகப் பெரிய செட்டாப் பாக்ஸ் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தவர்கள். 2011இல் ஜப்பான் சுனாமியில் அவர்களுக்குப் பாகங்கள் தடைபட்டன. அதே வருஷக் கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்க, பதிவு செய்யும் வகைப் பாக்ஸ்களுக்கு டிஸ்க் கிடைக்காமல் லாபக் கணிப்பைக் குறைத்து அறிவித்தார்கள். யார்க்‌ஷயரில் ஒரு சொட்டு மழைகூடக் காரணமில்லை. 2016 ஜனவரியில் அமெரிக்காவின் ஆரிஸ் அவர்களை வாங்கிவிட்டது. அத்தனை பெரியவர்களுக்கே அந்தக் கதி என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள எங்களுக்குப் பயன்பட்டார்கள்.

2016 நவம்பரில் பண மதிப்பிழப்பு, தெரு வசூல் முழுக்க ரொக்கம் என்பதால் இரண்டு மாதம் ஒருவரும் பணம் கட்டவில்லை. டிசம்பர் 12 வர்தா புயல், கூரைத் தகரம் பக்கத்துக் கம்பெனியில் கிடந்தது. இதையெல்லாம் விரித்துச் சொன்னால் புலம்பல் ஆகிவிடும்.

2017 ஏப்ரலில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செப்டம்பர் 1 முதல் இலவசமாகப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் அளவுக்கு அந்த டெண்டர் எட்டாத உயரம். ஆனால் மற்றக் கேபிள் நிறுவனங்கள் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்களோ என்ற பயத்தில் அவசரமாகப் பாக்ஸ் கேட்டன. முதல்முறையாக எங்கள் பாக்ஸ் சென்னையில், நான் குடியிருந்த தெருவிலேயே வந்தது. எதிர் வீட்டுப் பாட்டி ரிமோட்டைக் காட்டி, "இதுல சத்தம் கூட்டற பொத்தான் எங்கப்பா?" என்றார். இருந்தது, கீழ் வரிசையில், எல்லாவற்றோடும் ஒன்றாக. அடுத்த அச்சில் அதைப் பெரிதாக்கி மேலே கொண்டுவந்தோம். அதுவரை எத்தனையோ ஆயிரம் ரிமோட் போயிருந்தது.

2019 பிப்ரவரி 1 முதல் சேனலுக்குச் சேனல் விலை, அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் வரியும் என்ற புது முறை வந்தது. அதற்குள் எல்லா வீட்டிலும் பாக்ஸ் இருந்தது. இனிமேல் கெடு எதுவும் இல்லை என்பதை முதலாளி எங்களுக்கெல்லாம் முன்பே பார்த்துவிட்டார். 2018லேயே ஒரு லைனைக் காலி செய்து, ஃபைபர் இணைப்புக்கு வீட்டில் வைக்கும் மோடத்துக்கு மாற்றினார். வாங்குகிறவர்கள் அதே கேபிள்காரர்கள்தான். இப்போது இன்டர்நெட் கொடுக்கிறார்கள். லேபிள், வேரிஸ்டர், துணி போர்த்திய சோதனை எல்லாம் அப்படியே அதற்கும் போனது. பெரிய லாபம் இல்லை. ஆனால் எஸ்டேட்டில் எங்களோடு பாக்ஸ் தொடங்கிய இரண்டு பேரில் ஒருவர் இப்போது கிடங்கை வாடகைக்கு விட்டிருக்கிறார், இன்னொருவர் ஊரில் இல்லை.

அலமாரியில் 2003 பாக்ஸுக்குப் பக்கத்தில் எங்களுடைய கடைசி மாடல் ஒன்றும் இப்போது இருக்கிறது.

போன மாதம் செய்யாறிலிருந்து ஒரு கேபிள்காரர் கூப்பிட்டார். 2016 மாடலுக்கு ரிமோட் 200 வேண்டுமாம், பாக்ஸெல்லாம் நன்றாக ஓடுகிறதாம். கிடங்கில் தேடினால் 340 இருந்தன, பாட்டி சொன்னதற்கு முந்தைய அச்சு. பரவாயில்லை, அனுப்புங்கள் என்றார். பணம் எப்போது அண்ணே என்றேன். "அடுத்த வசூல்ல போட்டுடறேன் தம்பி."